பெயர்க் கட்டத்துக்குப் பூட்டு, குறிப்புக் கட்டம் திறந்த வீடு

குடும்ப வன்முறையிலிருந்து வெளியேறி வரும் பெண்களுக்கு உதவும் சிறு தொண்டு நிறுவனம் ஒன்றில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்கிறேன். காகித ஃபைல்களை விட்டு கேஸ் மேலாண்மை மென்பொருளுக்கு மாறி 14 மாதம் ஆகிறது. அதன் பெயரை எழுதப்போவதில்லை. டெமோ பார்த்த மற்ற இரண்டிலும் கிட்டத்தட்ட இதே குறைகள்தான். வாங்கப்போகிறவர்கள் எங்கே தட்டிப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான் இது.

கேஸ் எண் எந்த அர்த்தமும் இல்லாமல் தானாக விழுகிறது. இதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை. முன்பு பெயரின் முதலெழுத்தையும் பிறந்த ஆண்டையும் சேர்த்து நாங்களே எண் போடுவோம். அட்டையைப் பார்த்ததும் யாருடையது என்று அலுவலகத்தில் பாதிப் பேர் சொல்லிவிடுவார்கள். இப்போது பெயரும் முகவரியும் தனியாகப் பூட்டிக் கிடக்கின்றன. அந்தக் கேஸைப் பார்க்கும் ஆலோசகரைத் தவிர மற்றவர்களுக்கு எண் மட்டும்தான். யார் எந்த ஃபைலை எப்போது திறந்தார்கள் என்ற லாக் உண்டு, அதில் நான்கூடக் கைவைக்க முடியாது.

அந்த லாக்தான் ஒரு தன்னார்வலரைக் காட்டிக்கொடுத்தது. தனக்குத் தெரிந்த ஒருவரின் கேஸை ஒரே வாரத்தில் மூன்று முறை திறந்திருந்தார். கேட்டதற்கு, “பேரே தெரியலையே, அப்புறம் என்ன?” என்றார். பெயர் தெரியாமல் தெரிந்தவர் என்று எப்படிக் கண்டுபிடித்தார்?

குறிப்புக் கட்டம். ‘இரட்டைப் பிள்ளைகள், ஒருவனுக்குக் காது கேட்காது, கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறார்’ என்கிற மாதிரி (விவரங்களை மாற்றியிருக்கிறேன்) ஆலோசகர் எழுதி வைத்திருந்தார். பெயர்க் கட்டத்துக்கு இத்தனை பூட்டுப் போட்டவர்கள், எல்லாரும் படிக்கிற இந்தப் பெரிய கட்டத்தை மறந்துவிட்டார்கள். ஆலோசகர் மேலும் தப்பில்லை. அந்த விவரங்கள் இல்லாமல் அவர் வேலை நடக்காது.

பிறந்த தேதி, பாலினம், 5 இலக்க அஞ்சல் குறியீடு என்ற மூன்றை வைத்தே அமெரிக்கர்களில் 87 விழுக்காட்டினரைத் தனித்துக் கண்டுபிடித்துவிடலாம் என்று அமெரிக்கத் தரவுத் தனியுரிமை ஆய்வாளர் லதான்யா ஸ்வீனி 2000ஆம் ஆண்டில் கணக்கிட்டார். பிறகு 2006இல் வந்த இன்னொரு கணக்கு அதை 63 என்றது. குறைந்த எண்ணையே எடுத்துக்கொண்டாலும் எனக்குத் தூக்கம் போகிறது. எங்கள் குறிப்புகளில் மூன்று விவரமா இருக்கிறது?

‘பெயரின்றி ஏற்றுமதி’ என்று ஒரு பட்டன் இருக்கிறது. அழுத்தினால் வரும் எக்செல்லில் பெயர் இல்லை. பிறந்த தேதி முழுசாக இருக்கிறது, குறிப்பும் அப்படியே வருகிறது. விற்பனையாளர் இதை ‘அனானிமைஸ்டு’, அதாவது யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாதது, என்றார். ஐரோப்பாவில் 2018இல் அமலுக்கு வந்த ஜிடிபிஆர் என்ற தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தைக் கேட்டால், பெயருக்குப் பதில் எண் போடுவது புனைபெயராக்கம் மட்டுமே. எண்ணைப் பெயரோடு சேர்க்கும் சாவி இருக்கிறவரை அது தனிநபர் தகவல்தான்.

நன்கொடையாளர் அறிக்கையிலும் இதே கதை. வயதுவாரியான அட்டவணையில் ஒரு கட்டத்தில் ‘1’ என்று வந்தால் அந்த ஒருவர் யார் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. 5க்குக் கீழே உள்ளதை மறைக்கும் வசதி இல்லாததால் நானே கையால் மறைக்கிறேன். ஒன்றை மட்டும் மறைத்தால் மொத்தத்திலிருந்து கழித்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், அதே வரிசையில் இன்னொன்றையும் மறைக்க வேண்டும். மாதக் கடைசியில் ஒரு மத்தியானம் இதற்கே போகிறது.

நினைவூட்டல் மின்னஞ்சலின் தலைப்பிலேயே பெண்ணின் பெயர் வந்துகொண்டிருந்தது. பூட்டிய போன் திரையிலும் தெரியும். எழுதிக் கேட்டோம், இரண்டு மாதத்தில் சரிசெய்தார்கள். கேட்டால் செய்கிறார்கள், அதைச் சொல்லாமல் விடக் கூடாது.

டெமோவின்போது கற்பனையாக ஒரு கேஸ் போடச் சொல்லாதீர்கள். உங்கள் அலுவலகத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒருவரை, அவர் சம்மதத்தோடு, பெயரில்லாமல் குறிப்பில் எழுதுங்கள். ஏற்றுமதி செய்து பக்கத்து மேசைக்காரரிடம் கொடுத்து யாரென்று கேளுங்கள்.

இந்த மென்பொருளுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு மூன்று. அடுத்த மாதம் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டும். குறிப்புக் கட்டத்துக்குத் தனி அனுமதி வராமல் கையெழுத்துப் போடமாட்டேன் என்று எழுதிவிட்டேன்.