நியூசிலாந்து வழியா, ஸ்வீடன் வழியா?

கொரோனாவை எப்படிக் கையாண்டிருக்க வேண்டும் என்ற பேச்சு வந்தாலே இந்த இரண்டு நாடுகளும் வந்துவிடும். இரண்டும் ஜனநாயகம்தான், போன பாதைதான் வேறு.

முடிவெடுத்தது யார்?
நியூசிலாந்து: அப்போதைய பிரதமர் ஜெசிந்தா ஆர்டெர்னும் அமைச்சரவையும்.
ஸ்வீடன்: பெரும்பாலும் பொதுச் சுகாதார முகமையின் நிபுணர்கள்.

கெடுபிடி?
நியூசிலாந்து: 2020 மார்ச் 19-இல் எல்லை மூடல், 25-ஆம் தேதி நள்ளிரவு முதல் முழு ஊரடங்கு.
ஸ்வீடன்: முழு ஊரடங்கே இல்லை. சிறுவர் பள்ளிகள் திறந்தே இருந்தன.

கொடுத்த விலை? இங்கேதான் சிக்கல். ஸ்வீடனில் முதியோர் இல்லங்களில் சாவு குவிந்தது. முதியோரைக் காக்கத் தவறிவிட்டோம் என்று அந்நாட்டு விசாரணை ஆணையமே 2020 டிசம்பரில் சொன்னது. நியூசிலாந்தில் அதே ஆண்டு ஜூன் 8-இல் நோயாளி ஒருவர்கூட இல்லை. ஆனால் நாடு திரும்புவோர் கட்டாயம் தங்க வேண்டிய தனிமை முகாமில் இடம் கிடைக்காமல் சொந்தக் குடிமக்களே வெளிநாட்டில் தவித்தார்கள். பின்னாளில் அந்த இடத்துக்குக் குலுக்கல் வேறு! ஊரடங்கின் முதல் ஒன்பது நாள் உத்தரவு, தேவையானதுதான் என்றாலும் சட்டப்படி செல்லாது என்று உயர் நீதிமன்றமும் தீர்ப்பளித்தது.

சரி, எது யாருக்கு? சுற்றிலும் கடல், தடுப்பூசி வரும்வரை தாக்குப்பிடிக்கப் பணம், இரண்டும் இருந்தால் நியூசிலாந்து வழி. எல்லையை அடைக்கவே முடியாத நாட்டுக்கு ஸ்வீடன் வழி, அதுவும் முதியோர் இல்லங்களுக்கு முதலில் காவல் போட்ட பிறகுதான்.