எட்டு ஆண்டுகளாக என் மடியில் ஒரு முக்கால் பேஸ்

பெங்களூர் காக்ஸ் டவுனிலிருந்து சிவாஜி நகருக்கு ஆட்டோ பிடித்தால் இந்த முக்கால் அளவு டியூபா, அடிச்சுரம் வாசிக்கும் பித்தளை ஊதுவாத்தியம், எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ளும். 2017இல் இதை வாங்கியதற்கு முதல் காரணம் அதுதான். தொனி, சுருதி, வால்வு எல்லாம் பிறகுதான் வந்தன. பங்குக் கோயில் அலமாரியில் இருக்கும் பெரிய டியூபா ஆட்டோவில் ஏறினால் நான் ஏற முடியாது. என் உயரம் 5 அடி. சிறுவயதில் கோலார் தங்கவயலில் அப்பா வாசித்த வாத்தியத்தைத் தூக்கிப் பார்ப்பேன். "இவள் பேஸைத் தூக்குகிறாளா, பேஸ் இவளைத் தூக்குகிறதா?" என்று அப்பா சிரிப்பார். எங்கள் பாண்டுக்காரர்கள் வாயில் டியூபா என்ற பெயர் வராது, எப்போதும் பேஸ்தான். எனக்கும் அதுவே பழக்கம்.

2001இல் சுரங்கம் மூடிய பிறகு குடும்பம் பெங்களூருக்கு வந்துவிட்டது. அப்பாவின் பேஸ் வரவில்லை, உதட்டில் வைத்து ஊதும் மவுத்பீஸ் மட்டும் வந்தது. அதைப் பதினாறு ஆண்டுகள் பீரோவில் வைத்திருந்த பிறகுதான் வாத்தியத்தைத் தேடினேன். பழையதாக, 78,000 ரூபாய்க்குக் கிடைத்தது. எந்த நிறுவனத்துடையது என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. முந்தைய சொந்தக்காரர் புளி போட்டுத் துலக்குகிற ஆர்வக்காரர் போலிருக்கிறது, வாய்மணியில், அதாவது ஓசை வெளியேறும் விரிந்த முனையில், செதுக்கியிருந்த பெயரே மழுங்கிவிட்டது. மூன்று வால்வு, பி ஃபிளாட் சுருதி. பழைய பேப்பர் கடைத் தராசில் 6 கிலோ 400 கிராம் காட்டியது. கோயில் வாத்தியத்தையும் ஒருமுறை அதே தராசில் வைத்தோம், 10 கிலோவைத் தாண்டியது.

'முக்கால்' என்றதும் குழந்தைகளுக்கான வயலின் மாதிரி சின்னக் குழாய், உயர்ந்த சுருதி என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பி ஃபிளாட் டியூபா எந்த உடம்பில் வந்தாலும் உள்ளே ஓடும் குழாயின் நீளம் ஏறத்தாழ 18 அடி. ஒரே அளவு மாவை அகலமாகவும் பிழியலாம், இறுக்கமாகவும் பிழியலாம், ஜாங்கிரிக்காரருக்குத் தெரியும். சிறியதில் சுற்று இறுக்கம், குழாயின் விட்டம் குறைவு, வாய்மணி சிறிது. முக்கால், முழு, ஒன்றேகால் என்கிற பெயர்களுக்குப் பொது அளவுகோலும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் முக்கால் இன்னொன்றின் முழு அளவை நெருங்கும். ஆகவே பெயரைப் பார்த்து வாங்க வேண்டாம், மடியில் வைத்துப் பார்த்து வாங்குங்கள். மவுத்பீஸ், நீங்கள் நிமிர்ந்து உட்கார்ந்த நிலையிலேயே உங்கள் உதட்டுக்கு வர வேண்டும். பெரியதை வாசித்த காலத்தில் நான் நாற்காலியில் தொலைபேசிப் புத்தகங்களை அடுக்கி அதன்மேல் உட்கார்ந்திருக்கிறேன்.

முதல் ஆறு மாதம் எனக்கு ஏமாற்றம்தான். ஓசை மெலிவாக, டியூபாவின் சின்னத் தம்பியான யூஃபோனியத்தின் தடித்த அண்ணன் மாதிரி இருந்தது. குறை வாத்தியத்தில் பாதி, என்னில் பாதி. பெரிய பேஸுக்குத் தள்ளுவதுபோல மூச்சைத் தள்ளினேன், குறுகிய குழாய் அதை ஏற்காமல் கரகரத்தது. பிறகு அப்பாவின் மவுத்பீஸை எடுத்தேன். புனல்போல ஆழமாக இறங்கும் பழைய ஹெல்லெபெர்க் வகை. அடிமட்டத்தில் ஓசை உடனே அகன்றது. இரண்டாவது வாரத்தில் எங்கள் பாண்டு மாஸ்டர் திரும்பிப் பார்த்து, "பெரியதை எடுத்து வந்துவிட்டாயா?" என்றார். சிறிய டியூபாவைக் குறை சொல்வதற்கு முன் மவுத்பீஸை மாற்றிப் பாருங்கள் என்று யாரிடமும் சொல்வேன்.

அறைக்குள் இது ராஜா. எங்கள் பயிற்சி, பள்ளி வகுப்பறையில் நடக்கும், தாழ்ந்த கான்கிரீட் கூரை. டியூபாவின் வாய்மணி மேலே பார்க்கும், ஓசை கூரையில் பட்டு எல்லோர் தலையிலும் இறங்கும். பெரியதை அங்கே வாசித்தால் கிளாரினெட்காரர்கள் தங்கள் சத்தமே கேட்கவில்லை என்பார்கள். இதில் அந்தப் புகார் வந்ததில்லை. அன்பியக் கூட்டத்துக்கு, அதாவது பங்கின் அக்கம்பக்கக் குடும்பங்கள் கூடும் ஜெபத்துக்கு, வீடுகளில் ஐந்து பேராக வாசிப்போம், சோபாவுக்கும் தொலைக்காட்சிக்கும் நடுவே இது அடங்கிவிடும். அடுக்குமாடியில் தனியாகப் பயிற்சி செய்யும்போது மட்டும் ஒரு சங்கடம். அடி பி ஃபிளாட் வினாடிக்கு 58 அதிர்வு, அதற்கும் கீழே உள்ளது 29. எங்கள் சமையலறை எவர்சில்வர் தட்டுகளுக்கு அந்தச் சுரங்கள் மிகவும் பிடிக்கும். கீழ்வீட்டு அம்மாள் ஒரு மாதம் வரை தண்ணீர் மோட்டார் பழுது என்றே நினைத்திருந்தார்.

வெளியே நிலைமை தலைகீழ். செப்டம்பர் 8, மரியன்னை பேராலயத் திருவிழா. சிவாஜி நகர் முழுக்கக் காவி உடுத்திய கூட்டம், தேர், ஒலிபெருக்கி, ஹாரன். 2018இல் ஆசையாக இதைக் கொண்டுபோனேன். அரை மணி நேரம் வானத்துக்கு வாசித்தேன் என்றுதான் சொல்ல வேண்டும். கூரை இல்லாத தெருவில் மேல்நோக்கிய வாய்மணியின் ஓசை திரும்புவதில்லை, சிறிய வாய்மணிக்கு அந்தக் கூட்டத்தை அள்ளும் வலுவும் இல்லை. தேர்பவனிக்கு, உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் டியூபாவான சூசஃபோன்தான் சரி. தோளில் எடை இறங்கும், வாய்மணி முன்னால் பார்க்கும். அதற்கடுத்த ஆண்டிலிருந்து யாரிடமாவது சூசஃபோன் இரவல் வாங்குகிறேன். பவனிக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் முக்கால் பேஸ் பக்கமே போக வேண்டாம்.

அடுத்தது மூன்று வால்வுத் தகராறு. இது என் வாத்தியத்தின் குற்றம் அல்ல, கணக்கின் குற்றம். ஒவ்வொரு வால்வும் வெறும் 18 அடிக்கு எவ்வளவு குழாய் சேர்க்க வேண்டுமோ அவ்வளவுதான் சேர்க்கும். இரண்டு மூன்று வால்வுகளைச் சேர்த்து அழுத்தும்போது குழாய் ஏற்கெனவே நீண்டிருக்கும், அதற்கு அந்தச் சேர்க்கை போதாது, சுரம் ஏறி நிற்கும். மூன்றையும் அழுத்தினால் ஏறத்தாழ அரைச் சுரத்தில் பாதி ஏறும். 1874இல் டேவிட் பிளெய்க்லி காப்புரிமை பெற்ற, குறையும் குழாயைத் தானே சேர்த்துக்கொள்ளும் ஈடுசெய் முறை இதற்குத்தான், நான்காவது வால்வும் இதற்கு உதவும். இரண்டும் இல்லாத என்னைப் போன்றவர்கள் இடது கையால் முதல் வால்வின் ஸ்லைடை, அதாவது நீட்டிக் குறைக்கக்கூடிய குழாய்த் துண்டை, இழுத்துக்கொண்டே வாசிக்க வேண்டும். வாத்தியம் சிறியது என்பதால் அந்த ஸ்லைடு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. எட்டு ஆண்டில் என் இடது கைக்கு இது பிள்ளையின் தொட்டிலை ஆட்டுகிற மாதிரி யோசிக்காமல் வருகிறது.

கீழே ஒரு பள்ளமும் உண்டு. மூன்று வால்வையும் அழுத்தினால் வரும் ஈ சுரத்துக்குக் கீழே, அடியாழப் பி ஃபிளாட்டுக்கு மேலே, ஐந்து சுரங்கள் முறைப்படி கிடையாது. ஆனால் என் பேஸில் வால்வு எதையும் தொடாமல் உதட்டைத் தளர்த்தினால் ஓர் ஈ ஃபிளாட் வருகிறது. புத்தகக் கணக்கில் இல்லாத பொய்ச் சுரம். எல்லா டியூபாவிலும் இது உறுதியாக நிற்காது. இதில் நிற்கிறது, அதுவும் கோயில் மணிபோல. இதை விற்க மனம் வராததற்கு எடையைவிட இந்த ஒரு சுரமே பெரிய காரணம் என்று சில நாள் தோன்றும்.

டிசம்பர் கேரல் இரவுகளில் வேறொரு பாடம். பெங்களூரில் அப்போது குளிர் 16 டிகிரிக்கு இறங்கும். குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறையும், சுருதியும் இறங்கும். கீபோர்டு இறங்காது. வேனை விட்டு இறங்கியதும் சத்தமில்லாமல் வெறும் மூச்சை உள்ளே ஊதிச் சூடேற்றுவேன். சின்ன உடம்பு என்பதால் ஒரு பாட்டுக்குள் இது தயாராகிவிடுகிறது. கோயில் பேஸுக்கு மூன்றாவது வீடு வந்தால்தான் உயிர் வரும்.

பராமரிப்பில் பட்ட அடியையும் சொல்ல வேண்டும். 2020இல் மாடிப்படியில் சறுக்கி அடிவளைவு நசுங்கியது. பித்தளைக் குடத்துக்கு ஒடுக்கு எடுக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். ஒடுக்கு போனது, சுத்தியலின் அம்மைத் தழும்பு வந்தது. தொனி கெடவில்லை. மீரட்டின் ஜலி கோட்டியில் 1885 முதல் பாண்டு வாத்தியம் செய்கிற நாதிர் அலி நிறுவனம் இருக்கிறது, அந்தத் தெருவில் இந்த வேலைக்கென்றே ஆட்கள் உண்டு என்றார் மாஸ்டர். அவ்வளவு தூரம் அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. ஆழ்குழாய்த் தண்ணீரில் கழுவி உள்ளே வெள்ளைச் சுண்ணாம்பு படிய விட்டதும் என் அறியாமை. இப்போது காவிரித் தண்ணீர் வரும் நாளில் மட்டும் குளியல், வெதுவெதுப்பாக, நீண்ட வளையும் தூரிகையோடு. உள்ளே தேங்கும் ஈரத்தை வெளியே விடும் எச்சில் சாவியின் தக்கையை ஒரு புட்டி மூடியிலிருந்து வெட்டி நானே ஒட்டினேன், நான்கு ஆண்டாக ஒழுகவில்லை.

எங்கள் மாஸ்டர் அல்சூரில் ராணுவ பாண்டிலிருந்து ஓய்வு பெற்றவர். வாழ்நாள் முழுக்கப் பெரிய பேஸ். ஒருநாள் பயிற்சி முடிந்து நான் காப்பி வாங்கிவரும் நேரத்துக்கு இதை மடியில் வைத்துக்கொண்டார். திரும்பி வந்தால் விளக்கெல்லாம் அணைத்துவிட்டு, யாருக்கும் கேட்காத மெல்லிய ஓசையில் தாலாட்டு மாதிரி ஏதோ வாசித்துக்கொண்டிருந்தார். பெரியதில் அந்த மெலிவு அவ்வளவு எளிதில் வராது. காப்பி ஆறியது. "1835இல் பெர்லினில் டியூபாவுக்குக் காப்புரிமை வாங்கிய வீப்ரெக்ட்டும் ஒரு பாண்டு மாஸ்டர்தான் மகளே. பிறகு அந்தப் பக்கத்து ஆட்களே முதுகுப்பை என்று பெயர் வைத்துச் சின்ன டியூபா செய்தார்கள். நடக்கிறவனுக்குத்தான் அதன் அருமை தெரியும்" என்றார். "இதை எனக்கு விற்கிறாயா?" என்றும் கேட்டார். மாட்டேன் என்றேன். அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் கடைசிப் பதினைந்து நிமிடம் அவருடையது.

மூன்றாவது வால்வின் ஃபெல்ட் தேய்ந்து, அழுத்தும்போது டக் டக் என்று சத்தம் வருகிறது. டிசம்பருக்குள் மாற்ற வேண்டும்.