அலியா, ஜோ லூயிஸா? காரைக்குடியிலிருந்து ஒரு தீர்ப்பு

கம்பன் விழா மேடையில் பரதனா இலக்குவனா என்று மணிக்கணக்கில் வழக்காடுவதைக் கேட்டு வளர்ந்த ஊர் காரைக்குடி. எடைப்பிரிவுகளில் மிகப் பெரியதான ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் எல்லாக் காலத்துக்கும் பெரியவன் யார் என்ற பேச்சு கல்லுக்கட்டிப் பக்கத்து டீக்கடைக்கு வந்தால் அணி பிரியாமல் இருக்குமா? ஒரு பக்கம் முகமது அலி, மறுபக்கம் ஜோ லூயிஸ். நடுவில் மைக் டைசன் என்று கத்துகிற இளவட்டங்களைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம்.

முதலில் எதை வைத்து அளப்பது? சிராவயல் மஞ்சுவிரட்டுப் பொட்டலில் ஒரு மாடு பிடிபடவே இல்லை என்று பெருமை பேசினால், விவரம் தெரிந்தவர்கள் உடனே கைதட்டிவிட மாட்டார்கள். எங்கெங்கே அவிழ்த்தார்கள், பிடிக்க வந்த பையன்கள் யார் என்றுதான் கேட்பார்கள். குத்துச்சண்டைக்கும் என் கேள்வி அதுதான். எதிரே நின்றவன் யார்? எந்த வயதில் நின்றான்?

இப்படிக் கேட்டதும் ராக்கி மார்சியானோ சறுக்குகிறார். 49 சண்டை, 49 வெற்றி, அதில் 43 நாக்அவுட், அதாவது எதிராளியைத் தொடர முடியாமல் செய்த வெற்றி. தோல்வியே காணாமல் 1956-இல் விலகிக்கொண்டவர். ஆனால் 1951-இல் அவர் வீழ்த்திய ஜோ லூயிஸுக்கு அப்போது 37 வயது. 1952-இல் உலகப் பட்டத்தைப் பறித்தது அப்போதைய சாம்பியன், 38 வயது ஜெர்சி ஜோ வால்காட்டிடமிருந்து. அதுவும் புள்ளிகளில் பின்தங்கியிருந்து, 13-ஆவது ரவுண்டில் ஒரே வலதுகைக் குத்தில். அந்த நெஞ்சுரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அவர் ஜெயித்த பெரிய பெயர்கள் எல்லாம் உச்சம் தாண்டியவை. எடையும் சுமார் 84 கிலோதான். இன்றைய கணக்கில் அவர் ஹெவிவெயிட்டே இல்லை, அதற்குக் கீழே உள்ள குரூசர்வெயிட்.

லூயிஸ் கதை வேறு. 1937-இல் உலகப் பட்டம் வென்று 1949-இல் தானாக விலகும்வரை 25 முறை சவால் விட்டவர்களிடமிருந்து அதைக் காத்தார். ஆண்கள் குத்துச்சண்டையின் எந்த எடைப்பிரிவிலும் ஒருவர் ஒரே ஆட்சியில் இத்தனை முறை காத்ததில்லை. பெட்டியடியில் உட்கார்ந்து பேரேடு எழுதிய வம்சங்கள் உள்ள ஊரில் லூயிஸுக்கு ஆதரவு அதிகம் இருப்பதில் ஆச்சரியமில்லை. கணக்கு அவர் பக்கம். அந்த 25 சண்டைகளில் எதிரே நின்றவர்களில் சொத்தைகள் உண்டு என்பது பழைய குற்றச்சாட்டு. உண்மைதான், 1941-இல் மாதம் ஒருவரை அடித்துப் போட்ட காலமும் இருந்தது. அதே ஆண்டு ஜூனில்தான் பில்லி கான் என்ற எடை குறைந்த சூரன் 12 ரவுண்டு வரை அவரை ஆட்டிப் படைத்தார். 13-இல் லூயிஸ் ஆளைச் சாய்த்துவிட்டார். 1936-இல் தன்னை வீழ்த்திய ஜெர்மன் வீரர் ஷ்மெலிங்கை 1938-இல் 124 விநாடியில் முடித்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குட்டையான, நேரான குத்துகளை அவரைப்போலத் தொடுத்துப் போட்டவர் எனக்குத் தெரிந்து இல்லை.

இனி அலி. இவருக்கு 61 சண்டையில் 5 தோல்வி. எதிரணித் தம்பி ஒருவர் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: "அண்ணே, அஞ்சு தடவை தோத்த ஆளை எப்பிடிண்ணே முதல்ல வைக்கிறது?"

தோல்விகளைப் பிரித்துப் பாருங்கள் தம்பி. ஃப்ரேசியர், நார்ட்டன், லியான் ஸ்பிங்க்ஸ் மூவரிடமும் தோற்றார். மூவரையும் திரும்ப அழைத்து ஜெயித்தார். மிச்சம் இரண்டும் 38, 39 வயதில், ஏறியிருக்கவே கூடாத மேடைகளில். வெற்றிப் பக்கத்தில் யார்? 1964-இல் எல்லோரும் நடுங்கிய சாம்பியன் லிஸ்டன். 1974-இல் ஆப்பிரிக்காவின் கின்ஷாசாவில் ஜார்ஜ் ஃபோர்மன். அதுவரை 40 சண்டையில் 40 வெற்றி, ஃப்ரேசியரை இரண்டே ரவுண்டில் ஆறு முறை தரையில் தள்ளியவர், வயது 25. அவரைக் கயிற்றில் சாய்ந்தபடி அடிக்கவிட்டு, களைக்கவைத்து, எட்டாவது ரவுண்டில் வீழ்த்தினார் 32 வயது அலி. மறு ஆண்டு மணிலாவில் ஃப்ரேசியர். 14 ரவுண்டு முடிந்ததும் ஃப்ரேசியரின் பயிற்சியாளரே போதும் என்று நிறுத்திவிட்டார். லூயிஸ் பட்டம் காத்த 25 சண்டைகளின் எதிராளிகளில் ஃபோர்மனுக்கு ஈடாக ஒருவரைக் காட்டுங்கள் என்று கேட்டேன். வால்காட் என்றார்கள். அந்த வால்காட்டிடம் 1947-இல் லூயிஸ் இருமுறை கீழே விழுந்து, நடுவர்கள் கருத்து பிரிந்த முடிவில்தான் தப்பினார்.

இருவருக்கும் நல்ல வயதில் சில ஆண்டுகள் போயின. லூயிஸ் 1942-இல் ராணுவத்தில் சேர்ந்தார். பட்டம் அவருக்காகக் காத்திருந்தது. இரண்டு சண்டைப் பணத்தைப் படையினர் நிவாரண நிதிக்குக் கொடுத்தார். பின்னால் வருமான வரிக்காரர்கள் அவரை விட்டுவைக்கவில்லை. அலி 1967-இல் ராணுவத்தில் சேர மறுத்தார். பட்டத்தைப் பிடுங்கி மூன்றரை ஆண்டு மேடையேறவிடாமல் செய்தார்கள். 25 வயதிலிருந்து 28 வரை, கால்கள் மிக வேகமாக இருக்கும் பருவம். அதைத் தொலைத்துவிட்டு வந்தபிறகுதான் ஃப்ரேசியரும் ஃபோர்மனும். இந்த இடத்தில்தான் தராசு அலி பக்கம் சாய்கிறது. 1980-இல் அலி சென்னைக்கு வந்து ஜிம்மி எல்லிஸுடன் காட்சிச் சண்டை போட்டதும், எம்.ஜி.ஆரோடு மேடையில் நின்றதும் நம்மவர்களுக்குக் கூடுதல் பாசம் தரும். அதற்கு நான் மதிப்பெண் போடவில்லை.

மூன்றாவது இடம்தான் சண்டையைக் கிளப்பியது. நான் லாரி ஹோம்ஸைச் சொல்கிறேன். 1978 முதல் 1985 வரை 20 முறை பட்டம் காத்தவர். ஜாப் எனப்படும் இடதுகை நேர்க்குத்தில் அவரை மிஞ்ச ஆளில்லை. வயதான அலியை அடித்தவர் என்ற பெயர் ஒட்டிக்கொண்டதால் ரசிகர்கள் அவரை மன்னிக்கவே இல்லை. மார்சியானோவின் 49-ஐத் தொட ஒரே சண்டை மிச்சம் இருக்கும்போது தோற்றது இன்னொரு துரதிருஷ்டம். நான்காவது ஃபோர்மன்: 1994-இல் 45 வயதில் சாம்பியன் மூரரை வீழ்த்தி மறுபடி சாம்பியன் ஆனதற்காகவே.

டைசன்? 20 வயதில் சாம்பியன், 1988-இல் மைக்கேல் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் வீட்டுக்கு அனுப்பினார். அந்த நான்கு வருடம் பார்க்கப் பயங்கரம். ஆனால் டக்ளஸ், ஹோலிஃபீல்ட், லூயிஸ் (இது லெனாக்ஸ்) என்று வலுவாக எதிர்த்து நின்றவர்களிடமெல்லாம் தோற்றார். முதல் பத்துக்குள் கடைசியில் நிற்கட்டும். இளவட்டங்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து போனால் போகட்டும்.

உக்ரைன் வீரர் உஸிக்கை மட்டும் தள்ளிவைக்க மனமில்லை. குரூசர்வெயிட்டில் எல்லாப் பட்டங்களின் பெல்ட்டையும் வாங்கிக்கொண்டு மேலே வந்தவர், தன்னைவிட மிக உயரமான டைசன் ஃபியூரியை 2024-இல் இருமுறை ஜெயித்தார். என் அளவுகோலுக்கு அவர் இப்போதே மார்சியானோவுக்கு மேலே.