பண்டாரவளை ஃப்ரேம் கடை: எங்க பக்கத்து ஈரத்துக்கு தாங்குதா?

மகன் ஆமியில சேந்து பாசிங் அவுட் முடிஞ்சதுல இருந்து வீட்ல ஒரே நச்சரிப்பு, யூனிஃபார்ம் போட்ட படம் ஒண்ணு பெருசா மாட்டணும்னு. அப்புத்தளை பக்கம் இருக்குறவங்களுக்கு தெரியும், இங்க படம் மாட்டுறது லேசுப்பட்ட வேலை இல்ல. ஐப்பசி மழை தொடங்குனா எங்க தோட்டத்து வரிசை வீடு, அதான் லயத்து செவரு தண்ணி கக்கும், மூடுபனி ஜன்னல் வழியா உள்ளுக்கு வந்துரும், எங்க கல்யாண படம் கண்ணாடியோட ஒட்டிப்போய் பிரிக்கப் பாத்தா மூஞ்சி பாதி கண்ணாடியிலயே நிக்குது. அதனால இந்த தடவ நாலு பேர விசாரிச்சு பண்டாரவளை டவுன்ல இருக்குற ஒரு பழைய ஸ்டூடியோவுக்கு போனேன். போர்டு எழுத்தெல்லாம் உதிந்து பேரே வாசிக்க ஏலாது.

தியத்தலாவ பக்கத்துல, மிலிட்டரி அகடமி அங்கதானே, அதனால கடைக்கார நானாவுக்கு யூனிஃபார்ம் படம்னா கை வந்த வேல. போன்ல இருந்த படத்த பாத்த உடனே "அண்ணே இது செல்ஃபி, நெஞ்சுல பேரு திரும்பி நிக்குது பாருங்க, தொப்பி பேட்ஜும் இடது கண்ணுக்கு மேல வரணும், இதுல மறுபக்கம் கெடக்கு"ன்னாரு. நாங்க அந்த படத்த தெனம் பாக்குறோம், மூஞ்சிய தவிர எதையும் பாத்ததில்ல. அதோட வாட்ஸ்அப்ல வந்த படத்த 12க்கு 18 இஞ்சிக்கு இழுத்தா கலங்கிரும், மகன டாக்குமெண்டா அனுப்ப சொல்லுங்கன்னு அன்னைக்கு திருப்பி அனுப்பிட்டாரு. கைக்கு வந்த காச வேணாம்னு அனுப்புற கடைய நம்பலாம்.

மகன வடக்கு பக்கம் போட்டிருக்காங்க, எந்த கேம்ப்னு இங்க எழுதல. டியூட்டியில போன் எடுக்க மாட்டான், நாங்க ஓய்வா இருக்குற நேரம் அவனுக்கு ஓய்வில்ல. ஒருவழியா ராவு பத்து மணிக்கு மேல படம் வந்துச்சு, கூடவே "எதுக்குப்பா இவ்ளோ பெரிய படம், வெக்கமா இருக்கு"ன்னு ஒரு வாய்ஸ் மெசேஜ். அவங்கம்மா படத்த விட்டுட்டு அந்த வாய்ஸத்தான் திருப்பி திருப்பி போட்டு கேட்டா, சளி புடிச்சிருக்காம் புள்ளைக்கு.

சரி வேலைக்கு வாறேன். படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவுல தடிச்ச மவுண்ட் அட்டை வெட்டி வச்சிருக்காரு, படம் கண்ணாடிய தொடவே தொடாது. பின்பலகைய சுத்தி டேப் ஒட்டி அடைச்சிருக்கு, கீழ ரெண்டு மூலையிலயும் சின்ன ரப்பர் துண்டு, அதனால செவத்துக்கும் ஃப்ரேமுக்கும் நடுவுல காத்து போகும். மர சட்டம் கேட்டேன், ஒங்க ஈரத்துக்கு முறுக்கிக்கும்னு சிந்தெடிக் போட வச்சாரு. ஒரு மழைக்காலம் முழுக்க செவத்துல இருந்துச்சு, பூஞ்சணம் ஒரு புள்ளி இல்ல.

கூடவே எங்க தாத்தா படத்தையும் குடுத்தேன். முத்திரை அளவு படம், பிரஜாவுரிமைக்கு எழுதிக் குடுக்க எடுத்தது. 1948 பிரஜாவுரிமை சட்டத்தால நாடில்லாம போன மனுசன், எங்க ஆக்கள இந்தியாவும் இலங்கையும் பங்கு பிரிச்ச 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்கு அப்புறம் ஃபாரம தூக்கிக்கிட்டு அலைஞ்சும் கண்ண மூடுற வரைக்கும் கைக்கு ஒரு கடுதாசி வரல. அவரு கொள்ளுப்பேரன் இன்னைக்கு இந்த நாட்டு ஆமி உடுப்புல நிக்கிறான். சொந்தத்துலயே சிலபேருக்கு அது புடிக்கல, ஏன் அனுப்புனீங்கன்னு கேட்டாங்க, கேக்கட்டும், அவங்களுக்கு ஒரு நியாயம் இருக்கு, எனக்கு பெருமைதான், அவன் போன் வராத நாள்ல பயமும்தான். ஆங், கடைப்பொடியன் கம்ப்யூட்டர்ல தாத்தா சட்டையில விழுந்திருந்த ரப்பர் சீல் அடையாளத்த அழிச்சு சுத்தமாக்கி வச்சிருந்தான், நல்லாத்தான் பண்ணியிருந்தான், ஆனா எனக்கு மனசு வரல, சீல் இருந்த மாதிரியே இருக்கட்டும்னு திரும்ப பிரிண்ட் போட வச்சேன், அதுக்கு தனியா காசு கேக்கல.

ரெண்டுக்கும் சேத்து 6,800 ரூவா. அப்ப தோட்டத்துல இருந்த 1,350 ரூவா நாட்சம்பளத்துல அஞ்சு பேரோட ஒரு நாள் சம்பளத்த சேத்து போட்டாலும் பத்தாது, கூடத்தான்.

கொற ஒண்ணு இருக்கு. ஒரு கிழமைன்னு சொன்னது இழுத்துக்கிட்டே போச்சு. மகன் லீவுல வந்தப்ப ரெடியில்ல, அவன் பஸ் ஏறி போன பிறகுதான் கடையில இருந்து கால் வருது. அதுக்குத்தான் அஞ்சு ஸ்டார்ல ஒண்ண கொறைக்கிறேன். இன்னைக்கு வரைக்கும் வீடியோ கால்லதான் பாத்திருக்கான், பாத்த உடனே "தாத்தாவ ஏன் எனக்கு கீழ மாட்டுனீங்க, மேல மாத்துங்க"ன்னு அவங்கம்மாவுக்கு ஏச்சு வேற. மாத்தியாச்சு.

லயத்து செவத்துல வெறும் ஆணி அடிச்சா காரை உதிரும், பிளக் வச்சு ஸ்க்ரூ போடுங்க. சந்தை நாள்ல போகாதீங்க, கூட்டத்துல நானாவுக்கு பேச நேரம் இருக்காது. தேதிய வாய்ப்பேச்சுல விடாம பில்லுலயே எழுதி வாங்கிக்குங்க, முக்கியமா புள்ளைங்க லீவ எண்ணிக்கிட்டு இருக்குற வீட்டுக்காரங்க.