சித்தப்பாவின் ரேலி: அப்படியே விடுவதா, ஏழு கியர் ஏற்றுவதா, ஹப் கியர் போடுவதா?

சித்தப்பா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1980களின் தொடக்கத்தில் பயிற்சிக்காக இங்கிலாந்து போயிருந்தார். திரும்பும்போது ரேலி (Raleigh) கம்பெனியின் டூரிங் சைக்கிள், அதாவது நெடுந்தூரம் ஓட்டும் சைக்கிள் ஒன்றைப் பிரித்து, அட்டைப் பெட்டியில் கட்டி எடுத்துவந்தார். வளைந்த ஹேண்டில்பார், முன்னால் இரண்டு பல்சக்கரம், பின்னால் ஐந்து, குரோம் பூசிய இரும்பு ரிம். இருபது வருடத்துக்கு மேல் பரணில் கிடந்த அந்த வண்டியில்தான் இப்போது தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போகிறேன். தர்மபுரியிலிருந்து பென்னாகரம் ரோட்டில் போக 11 கிலோமீட்டர், வர 11.

இப்படி ஒரு வண்டி கையில் கிடைத்தால் மூன்று வழி இருக்கிறது. ஓவராயில் மட்டும் செய்து பழையபடியே ஓட்டலாம். சக்கரத்தையும் பின் கியரையும் புதிதாக்கலாம். அல்லது கியர் எல்லாம் சக்கரத்தின் நடுவில் உள்ள ஹப்புக்குள்ளேயே இருக்கும் மூன்று வேக ஹப் போடலாம். முதல் வழியில் நான்கு மாதம் ஓட்டினேன். அப்புறம் இரண்டாவதுக்கு மாறினேன். மூன்றாவதை ஓசூரில் இருக்கும் நண்பரின் வண்டியை வாங்கி ஒரு வாரம் இதே ரோட்டில் ஓட்டிப் பார்த்தேன். எதை ஒப்பிட்டாலும் நான் கேட்ட கேள்வி ஒன்றுதான்: காலை எட்டரை மணிக்கு வண்டி நடுவழியில் நின்றுபோனால், அடுத்த ஊர்க் கடையில் அதைச் சரிசெய்ய முடியுமா?

முதல் வழி தோற்றது டயரில்தான். அந்தக் காலத்து டூரிங் சைக்கிள்களில் பெரும்பாலும் 27×1¼ டயர் இருக்கும். ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 630 மில்லிமீட்டர். நம் ஊர் பெரிய சைக்கிளின் 28×1½ டயருக்கு 635. இப்போது வரும் ஹைபிரிட் சைக்கிள்களின் 700சி டயருக்கு 622. மூன்றும் பார்வைக்கு ஒரே அளவுதான். கடையில் "பழைய பெரிய சைக்கிள்" என்று சொன்னால் 635 டயரை எடுத்துக் கொடுப்பார்கள். அது 630 ரிம்மில் சுலபமாக ஏறியும் விடும். ஆனால் தளர்வாக உட்காரும்; காற்றை ஏற்றினால் ஓரம் பிதுங்கி டியூப் வெடித்துவிடும். எனக்கு வீட்டு வாசலிலேயே வெடித்தது. ரோட்டில் வெடிக்காதது நல்லதாகப் போயிற்று. ஆகவே பெயரைச் சொல்லி டயர் வாங்காதீர்கள். டயரின் பக்கவாட்டில் 32-630, 37-622 என்று சிறிய எழுத்தில் ஓர் எண் இருக்கும்; அதன் பின்பாதியைப் பாருங்கள். 630 டயர் தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வெளியூரிலிருந்து வரவழைத்த ஒரு ஜோடியை நெருஞ்சியும் சீமைக் கருவேல முள்ளும் வெகு சீக்கிரம் பதம் பார்த்துவிட்டன.

700சி சக்கரத்துக்கு மாறினால் இந்தத் தொல்லை தீர்ந்துவிடும். விட்டத்தில் 8 மில்லிமீட்டர் குறைவதால் பிரேக் கட்டை 4 மில்லிமீட்டர் கீழே இறங்க வேண்டும். பழைய டூரிங் பிரேக்கின் கை நீளமானது, பெரும்பாலும் அந்த அளவுக்கு இறங்கும். ரிம் வாங்கும் முன் கட்டையைக் காடியின் கடைசி வரை இறக்கி அளந்துவிடுங்கள். சக்கரம் சிறிதாவதால் மட்கார்டுக்குக் கீழே இடம் கூடும், 35 மில்லிமீட்டர் அகல டயர் போடலாம். வால்வு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். விலை கூடிய ரிம்களில் ஒல்லியான வால்வுக்கு 6.5 மில்லிமீட்டர் துளைதான் இருக்கும். 8.5 துளை உள்ள ரிம்மாகக் கேளுங்கள். அதில் வால்டியூப் போட்ட பழைய வால்வும் போகும், மோட்டார் வால்வும் போகும். மோட்டார் வால்வாக இருந்தால் பெட்ரோல் பங்கில் காற்று பிடித்துக்கொள்ளலாம்.

டயர் பிரச்சினை இல்லாவிட்டாலும் இரும்பு ரிம்மை மாற்றியிருப்பேன். குரோம் பூச்சு கண்ணாடி மாதிரி வழவழப்பு. நனைந்தால் ரப்பர் கட்டைக்கு அதில் பிடிமானமே இருக்காது. ஐப்பசி மழையில் ஒரு நாள் சரிவில் இறங்கும்போது எதிரே ஆட்டு மந்தை. இரண்டு பிரேக்கையும் முழுக்கப் பிடித்தும் வண்டி நிற்கவில்லை. செம்மண் ஓரத்தில் இறக்கித்தான் நிறுத்தினேன். அலுமினிய ரிம்மில் அதே பிரேக், அதே மழை, பாதி தூரத்துக்குள் நிற்கிறது. கையில் கொஞ்சம் பணம்தான் இருக்கிறதென்றால் கியரை மறந்துவிட்டு அலுமினிய ரிம்மும் நல்ல பிரேக் கட்டையும் போடுங்கள். மற்றதெல்லாம் அடுத்த சம்பளத்தில் பார்க்கலாம். வளைந்த ஹேண்டிலின் மேல்பக்கம் பிடிக்கத் தோதாக இரண்டாவதாக ஒரு பிரேக் கம்பி இருக்குமே, அதை நம்ப வேண்டாம். அது முழு அழுத்தம் தராது. நான் கழற்றிவிட்டேன்.

சரி, கியர். பென்னாகரம் ரோடு தட்டையாகத் தெரியும், ஆனால் ஏறி ஏறி இறங்கும். பழைய அமைப்பில் முன்னால் 40 பல், பின்னால் பெரியது 28. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி சுமார் 3.1 மீட்டர் போகும். பையில் நோட்டுப் புத்தகக் கட்டும், எதிரே ஆடிக் காற்றும் இருந்தால் அது முழங்காலைப் பிடிக்கும். இப்போது பின்னால் 14 முதல் 34 பல் வரை உள்ள ஏழு கியர் ஃப்ரீவீல் (ஹப்பில் திருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து) போட்டிருக்கிறேன். மிக இலகுவான கியரில் ஒரு சுற்றுக்கு 2.5 மீட்டர். இந்த அரை மீட்டர் வித்தியாசத்தில்தான் வியர்க்காமல் வகுப்புக்குள் நுழைய முடிகிறது.

மூன்று வேக ஹப்பைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதன் மேல் எனக்கு ஆசை அதிகம். ஸ்டர்மி ஆர்ச்சர் என்ற கம்பெனி 1902 முதல் இங்கிலாந்தின் நாட்டிங்காமில் இந்த ஹப்பைச் செய்துவந்தது. 2000க்குப் பிறகு தைவானில் செய்கிறார்கள். கியர் முழுவதும் ஹப்புக்குள் எண்ணெயில் இருப்பதால் புழுதியும் மழையும் அண்டாது. சங்கிலி நேராக ஓடுவதால் நீண்ட நாள் உழைக்கும். நம் ஊர் பெரிய சைக்கிளின் சங்கிலியையே போடலாம். எல்லாவற்றையும் விட, வண்டி நின்றிருக்கும்போதே கியர் மாற்றலாம். சிக்னலில் இதன் அருமை தெரியும். ஆனால் அதில் நடு கியர் 1 என்றால் கீழ் கியர் 0.75, மேல் கியர் 1.33. முன்னால் 40, பின்னால் 22 பல் வைத்தால் இலகு கியரில் சுற்றுக்கு 2.9 மீட்டர், மேல் கியரில் 5.2. பழைய ஐந்து கியரை விட ஏற்றத்தில் கொஞ்சம்தான் லாபம், இறக்கத்தில் நஷ்டம். ஒரு கியருக்கும் அடுத்ததற்கும் இடைவெளியும் பெரிது. எதிர்க்காற்றில் நடு கியர் கனமாகவும் கீழ் கியர் காலியாகச் சுற்றுவது போலவும் இருந்தது. எட்டு வேக ஹப் வாங்கினால் இந்தக் குறை தீரும், ஆனால் அந்த விலையில் நான் வண்டி முழுவதையும் முடித்துவிட்டேன்.

என் கேள்விக்கு வருகிறேன். ஹப்பின் உள்ளே ஒரு சிறு பல் உடைந்தால் இந்த ரோட்டில் யாரிடம் போவது? எங்கள் தெருமுனைக் கடைக்காரரிடம் நண்பரின் வண்டியைக் காட்டினேன். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார், காதை வைத்துக் கேட்டார். "சார், இது நல்ல சாமான்தாங்க. ஆனா பிரிச்சா திரும்ப மாட்டத் தெரியாதுங்க" என்றார். "அண்ணே, அந்த ஏழு கியர்?" என்றேன். பெட்டியைத் திறந்து அதைக் கழற்றும் கருவியை எடுத்துக் காட்டினார். பையன்கள் ஓட்டும் விலை குறைந்த கியர் சைக்கிள்களில் எல்லாம் இதே திருகு ஃப்ரீவீல்தான். உதிரியும் கருவியும் சின்ன ஊர்க் கடை வரைக்கும் வந்துவிட்டன. எனக்கு அதோடு முடிவாகிவிட்டது.

ஃப்ரீவீலை விட கேசட் (திருகாமல் ஹப்பின் மேல் சொருகி மாட்டும் பல்சக்கரக் கொத்து) உறுதியானது என்பார்கள். உண்மைதான். கேசட் ஹப்பில் பால்ரஸ் ஆக்சிலின் ஓரத்தில் உட்காரும். ஃப்ரீவீல் ஹப்பில் வலதுபக்கம் உள்ளே தள்ளி இருப்பதால் பாரம் ஏற்றினால் ஆக்சில் வளையலாம். மூட்டை கட்டிக்கொண்டு ஏலகிரி, ஏற்காடு ஏறப் போகிறவர் கேசட்டே போடட்டும். ஆனால் அதற்கு பின் போர்க் இடைவெளி 130 மில்லிமீட்டர் வேண்டும். ஐந்து கியர் வண்டியில் இருப்பது 120. ஏழு கியர் ஃப்ரீவீலுக்கு 126 போதும், பக்கத்துக்கு 3 மில்லிமீட்டர் விரித்தால் சரியாகிவிடும். இரும்பு ஃபிரேம் என்பதால் இதைக் குளிர்நிலையிலேயே வளைக்கலாம். அலுமினியத்தில் ஒருபோதும் செய்யக்கூடாது. விரித்த பிறகு ஒரு நூலைப் பின்பக்க ஆக்சில் காடியிலிருந்து எடுத்து, ஃபிரேமில் ஹேண்டில் இறங்கும் முன்குழாயைச் சுற்றி, மறுபக்கக் காடியில் கட்டுங்கள். சீட் குழாய்க்கும் நூலுக்கும் உள்ள தூரம் இரு பக்கமும் ஒன்றாக இருந்தால் ஃபிரேம் நேராக இருக்கிறது. 34 பல்லுக்குப் பழைய டிரெய்லியர் (சங்கிலியை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் கை) எட்டாது. ஷிமானோ டூர்னி போட்டேன். ஃபிரேமில் அதை மாட்டக் கொக்கி இல்லாவிட்டால் கொக்கியோடு வரும் வகையை வாங்குங்கள். பழைய கியர் லீவரை மாற்றத் தேவையில்லை. அதில் படி கிடையாது, உராய்வில் நிற்பது. ஐந்தானாலும் ஏழானாலும் இழுக்கும். இரண்டே நாளில் கை பழகிவிடும்.

கிராங்கைத் தொடவில்லை. கிராங்கை ஆக்சிலோடு இறுக்கும் காட்டர் பின் இன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கிறது, அரத்தால் ராவிப் பொருத்தினால் போதும். நாட்டிங்காம் ரேலிகள் பலவற்றில் கிராங்க் ஆக்சில் உட்காரும் குழாயின் மரை இஞ்சுக்கு 26. இன்றைய சீல் வைத்த பேரிங்குகளுக்கு 24. மாற்றப் போனால் செலவு அங்கேதான் இழுக்கும். கிரீஸும் புது பால்ரஸும் போட்டேன், ஆட்டம் நின்றுவிட்டது. ஹேண்டில்பாரை நேராக்க நினைப்பவர்கள் பிரேக் லீவருக்கும் சேர்த்துப் பணம் எடுத்து வையுங்கள். வளைந்த பாரின் தடிமன் 23.8 மில்லிமீட்டர், நேர் பார் 22.2. ஒன்றின் லீவர் மற்றதில் மாட்டாது. பெயின்ட் அடிக்கவில்லை. துரு இருந்த இடத்தை அலுமினியத் தாளைத் தண்ணீரில் நனைத்துத் தேய்த்தேன், குரோம் நன்றாகவே தெளிந்தது.

பேட்டரி கிட் போடச் சொன்னவர்களும் உண்டு. 250 வாட்டுக்கும் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் உட்பட்டதென்றால் பதிவு தேவையில்லை. முழங்கால் வலி உள்ளவர்களுக்கு நான் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் முன்சக்கர மோட்டாரின் முறுக்கு விசையைத் தாங்க அந்த மெல்லிய பழைய போர்க் செய்யப்படவில்லை. கிட் வேண்டுமென்றால் வேறு ஃபிரேமில் போடுங்கள். புது ஹைபிரிட் வாங்கியிருக்கலாமே என்றும் கேட்டார்கள். எனக்கு மொத்தம் 11,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேல் ஆனது. நல்ல ஹைபிரிட் அதை விடக் கூடுதலாகும், அதிலும் மட்கார்டு, கேரியர், ஸ்டாண்டு எல்லாம் தனியாக வாங்க வேண்டும். இந்த இரும்பு ஃபிரேம் குழி ரோட்டில் கொடுக்கும் சொகுசை அலுமினியத்தில் நான் உணர்ந்ததில்லை. ஃபிரேம் வெடித்திருந்தாலோ போர்க் கோணியிருந்தாலோ மட்டும் யோசிக்காமல் புதிதே வாங்குங்கள்.

ஓசூர்க்காரர்களுக்கு என் முடிவு பொருந்தாது. அங்கே ரோடு முழுக்க லாரி, சிக்னலுக்குச் சிக்னல் நிற்க வேண்டும், மழையும் சேறும் அதிகம். ஹப்பைப் பிரிக்கத் தெரிந்தவர் வேண்டுமென்றால் பெங்களூரு 40 கிலோமீட்டர்தான். என் நண்பர் ஆறு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கம்பெனிக்கு அந்த மூன்று வேக ஹப்பிலேயே போகிறார். சங்கிலிக்கு முழு கவர் போட்டு, வெள்ளைச் சட்டையோடு.