வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற, விலை குறைந்த டிக் வெல்டிங் மெஷின்

ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய்களையும் மெல்லிய தகடுகளையும் பற்றவைக்க வாங்கிய, 230 வோல்ட் சிங்கிள் ஃபேஸில் இயங்கும் 200 ஆம்பியர் டிசி இன்வெர்ட்டர் டிக் மெஷின் (டங்ஸ்டன் முனைக்கும் உலோகத்துக்கும் இடையே ஆர்க் எனும் மின்பொறியை உண்டாக்கி, ஆர்கான் வாயுவின் காப்பில் பற்றவைப்பது), கொடுத்த விலைக்கு மிக நேர்த்தியாக வேலை செய்கிறது. டங்ஸ்டன் முனையைத் தகட்டில் உரசாமலேயே ஆர்க் பிடிக்கவைக்கும் ஹெச்எஃப் (உயர் அதிர்வெண்) ஸ்டார்ட் இதில் இருப்பதால் முனை கெடுவதில்லை. இவ்வசதி இல்லாத மெஷினை, விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும், நான் பரிந்துரைக்க மாட்டேன். 1 மில்லிமீட்டர் தடிமனுக்கு ஏறத்தாழ 30 முதல் 40 ஆம்பியர் போதும் என்பதால், வீட்டு வேலைக்கு 200 ஆம்பியர் தாராளம். கரண்டை நன்றாகக் குறைத்த நிலையிலும் ஆர்க் அலையாமல் நிற்கிறதா என்பதையே கடையில் சோதித்துப் பார்க்க வேண்டும். ஆர்க் அணைந்த பின்னும் சில வினாடிகள் ஆர்கான் வந்துகொண்டிருக்காவிட்டால், சூடான டங்ஸ்டனும் வெல்டும் காற்றுபட்டுக் கறுத்துவிடும்.

உடன் வந்த டார்ச்சின் (டங்ஸ்டனைப் பொருத்திக் கையில் பிடிக்கும் பகுதி) கேபிள் சற்று விறைப்பானது. அலுமினியத்தின் மேலுள்ள ஆக்சைடு படலத்தை அகற்ற ஏசி மின்னோட்டம் தேவை; இந்த மெஷினில் டிசி மட்டுமே இருப்பதால், அலுமினிய வேலை உள்ளவர்கள் பொறுத்திருந்து ஏசி/டிசி மெஷினையே வாங்குவது நல்லது. ஆர்கான் சிலிண்டருக்கும் ரெகுலேட்டருக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும். சிவப்பு முனை டங்ஸ்டனில் கதிரியக்கமுள்ள தோரியம் கலந்திருப்பதால், கூர்தீட்டும்போது அதன் தூசியைச் சுவாசிக்க நேராதபடி, சாம்பல் நிற முனையுள்ள சீரியம் வகையையே கேட்டு வாங்குங்கள்.