நூல் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார்கள்: அப்பாவோடு பார்த்த பென் அண்ட் டெல்லர் ஷோ

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், லாஸ் வேகாஸ் கூட்டிக்கொண்டு போகிறோம், அங்கே அவர்களுக்கு என்ன காட்டலாம்? வருடத்துக்கு நாலு பேராவது என்னிடம் இதைக் கேட்டுவிடுகிறார்கள். போனில் சொன்னதையெல்லாம் ஒரு தடவை முழுசாக எழுதிவைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். என் பதில் எப்போதும் ஒன்றுதான்: ரியோ ஹோட்டலில் நடக்கும் பென் அண்ட் டெல்லர் மேஜிக் ஷோ. அதிலும் பெரியவர்களுக்கு அமெரிக்க ஆங்கிலம் காதில் ஏறாது என்றால் யோசிக்கவே வேண்டாம்.

நாங்கள் போனது 2019 ஜூலையில். அப்பாவுக்கு அப்போது 71 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு பள்ளியில் முப்பத்திரண்டு வருடம் தமிழாசிரியராக இருந்தவர். ஆங்கிலப் பேப்பரை எழுத்து விடாமல் படிப்பார். ஆனால் இங்குள்ளவர்கள் பேச ஆரம்பித்தால் நாலாவது வார்த்தையில் விட்டுவிடுவார். கலிஃபோர்னியாவின் இர்வைனில் எங்கள் வீட்டில் பகல் முழுக்கத் தனியாக இருந்தவருக்குத் துணை டிவிதான். அதில் அவர் தேடிப் பிடித்து விடாமல் பார்த்த ஒரே நிகழ்ச்சி 'ஃபூல் அஸ்'.

பார்க்காதவர்களுக்கு: அந்த நிகழ்ச்சியில் ஒரு வித்தைக்காரர் வந்து தன் வித்தையைக் காட்டுவார். பென் ஜில்லெட், டெல்லர் இரண்டு பேரும் கீழே உட்கார்ந்து பார்ப்பார்கள். எப்படிச் செய்தார் என்று அவர்களால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் வந்தவருக்குக் கோப்பையும், வேகாஸில் இவர்கள் மேடையிலேயே ஆட ஒரு வாய்ப்பும் கிடைக்கும். 2011-ல் இங்கிலாந்தின் ஐடிவி சேனலில் தொடங்கியது, அப்புறம் அமெரிக்காவுக்கு வந்தது. கண்டுபிடித்துவிட்டாலும் பென் அதை வெளிப்படையாகச் சொல்ல மாட்டார். தொழில்காரர்களுக்கு மட்டும் புரிகிற மாதிரி இரண்டு மூன்று சொற்களைப் பேச்சோடு பேச்சாகச் செருகிவிடுவார். எதிரே நிற்பவர் சிரித்துத் தலையாட்டுவார். வீட்டில் உட்கார்ந்திருக்கிற நமக்கு ஒன்றும் தெரியாது. அப்பாவுக்கு இது மிகவும் பிடித்துப்போனது. "அவன் பொழப்பக் கெடுக்காம, தெரியும்னும் சொல்லிர்றாம் பாரு" என்பார்.

அந்தப் பேச்சில்தான் எட்டயபுரம் சந்தைக் கதை வந்தது. அப்பா சின்னப் பையனாக இருந்தபோது ஆட்டுச் சந்தையில் மோடி மஸ்தான் வருவாராம். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போகிறேன் என்று சொல்லிக் கூட்டம் சேர்த்துவிட்டு, மாங்கொட்டையை மண்ணில் ஊன்றிக் கூடையால் மூடுவாராம். கூடையைத் திறந்தால் துளிர், மறுபடி திறந்தால் முழங்கை உயரச் செடி. அதற்கு நடுவே மூன்று கிண்ணங்களைக் கவிழ்த்து, அடியில் உருண்டைகளை மறையவைத்தும் வரவைத்தும் காட்டுவாராம். "செப்பிடு வித்தைங்கிற பேரே அதுல இருந்து வந்ததுதாம்மா, செப்புன்னா சிமிழு" என்று பாடமே எடுத்தார். கண்ணைக் கட்டுகிற கலை அத்தனைக்கும் நம் மொழியில் அந்தக் கிண்ணத்தின் பெயர் நிற்கிறது என்பது அதுவரை எனக்குத் தோன்றியதில்லை.

அன்று ராத்திரி பென், டெல்லர் செய்யும் செப்பிடு வித்தையின் பதிவை அவருக்குப் போட்டுக் காட்டினேன். முதலில் வழக்கமான கிண்ணங்களில் செய்கிறார்கள். பிறகு அதையே, உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் கிண்ணங்களில் செய்கிறார்கள். எந்த உருண்டை எப்போது உள்ளே போகிறது என்று பென் கூடவே சொல்லிக்கொண்டு வருகிறார். எல்லாம் கண்ணெதிரே நடக்கிறது, இருந்தும் டெல்லரின் கை போகும் வேகத்துக்கு நம் கண் ஓட முடிவதில்லை. அப்பா ஐந்து தடவை திருப்பிப் போடச் சொன்னார். மறுநாள் காலையிலேயே டிக்கெட் பார்க்கத் தொடங்கினேன்.

டிக்கெட் விஷயத்தில் நான் செய்த தவறை நீங்கள் செய்யாதீர்கள். அவசரத்தில் ஒரு மறுவிற்பனைத் தளத்தில் வாங்கினேன். நடு வரிசை என்று படம் காட்டியது. கட்டணத்துக்கு மேல் கட்டணம் போட்டுக் கடைசியில் வந்தது இடது ஓரம். அரங்கத்தின் டிக்கெட் கவுன்டரில் இருந்த பெண்மணி அப்பாவின் வயதைப் பார்த்து, கொஞ்சம் பணம் வாங்கிக்கொண்டு உள்ளே தள்ளி மாற்றிக் கொடுத்தார். நேரே ஹோட்டலின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். விலை இப்போது மாறியிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள். ரியோ, பெரிய ஹோட்டல்கள் வரிசையாக நிற்கும் அந்தப் பிரதான சாலையில் இல்லை. ஐ-15 நெடுஞ்சாலைக்கு மேற்குப் பக்கம். படத்தில் நடந்துவிடலாம் போலத் தெரியும். ஜூலை வெயிலில் பெரியவர்களை நடக்கவைக்காதீர்கள், டாக்ஸி எடுங்கள். உள்ளே ஏசி நடுக்கும், ஒரு சால்வை இருக்கட்டும்.

சீக்கிரமே போய்விடுங்கள். ஷோ தொடங்கும் முன்பே மேடையில் மைக் ஜோன்ஸ் பியானோ வாசிப்பார், பக்கத்தில் ஆளுயர பேஸ் வாத்தியத்தைத் தாங்கிக்கொண்டு ஒருவர் நின்று வாசிப்பார். அந்த ஆறரை அடி மனிதர்தான் பென். ஜாஸ் இசை நமக்குப் பழக்கமில்லை என்றாலும், ஷோவின் நாயகனே கூட்டம் வந்து உட்காரும்வரை ஓரமாக நின்று பக்கவாத்தியம் வாசிப்பதைப் பார்ப்பதே ஒரு மரியாதையை உண்டாக்குகிறது.

இனி அந்த இருவரைப் பற்றி. 1975-ல் இருந்து சேர்ந்து வேலை செய்கிறார்கள். தெருவிலும் திருவிழாப் பந்தல்களிலும் தொடங்கி, 1985-ல் நியூயார்க்கின் சிறிய அரங்கு ஒன்றுக்கும், 1987-ல் அந்த ஊரின் பெரிய நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேக்கும் வந்தார்கள். தொலைக்காட்சியிலும் வீட்டுக்கு வீடு தெரிந்தார்கள். 2001-ல் ரியோவுக்கு வந்தவர்கள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள். பென் ஓயாமல் பேசுவார். டெல்லர் மேடையில் பேசுவதே இல்லை. ஊமை இல்லை, வெளியே நன்றாகப் பேசுகிறவர்தான். கல்லூரி நாட்களில் மாணவர் விருந்துகளில் வித்தை காட்டும்போது, பேசினால் குடித்துவிட்டுக் கத்துகிறார்கள், வாயை மூடிக்கொண்டு செய்தால் அடங்கி உட்கார்ந்து பார்க்கிறார்கள் என்று கண்டுகொண்டாராம். அதை அப்படியே பிடித்துக்கொண்டார். முழுநேரமாக மேடைக்கு வருமுன் அவர் நியூ ஜெர்சியில் ஒரு பள்ளியில் லத்தீன் ஆசிரியர். காரில் போகும்போது இதைச் சொன்னதும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். பார்ஸ்டோ தாண்டி வெறும் பாலைவனத்தில் வண்டி போய்க்கொண்டிருந்தது. "பழைய பாஷை சொல்லிக்குடுத்தவரா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அவருக்கு டெல்லர் என்ற பெயரே இல்லை, 'வாத்தியார்'தான்.

வாத்தியார் இளம் வயதிலிருந்தே செய்துவரும் ஊசி வித்தை ஒன்று உண்டு. நூறு ஊசிகளை வாயில் போட்டு விழுங்குவார், நூலையும் விழுங்குவார். பிறகு நூல் முனையைப் பிடித்து இழுத்தால் ஊசிகள் வரிசையாகக் கோத்து வெளியே வரும். இதை மேடையில் பிரபலமாக்கியவர் அந்தக் காலத்தில் பெரும் புகழ்பெற்ற அமெரிக்க வித்தைக்காரர் ஹௌடினி. அவர் வைத்த பெயரிலேயே 'கிழக்கிந்திய' என்ற சொல் இருக்கிறது. காரணமில்லாமல் இல்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் ஆடிப் புகழ்பெற்ற நம் பக்கத்து வித்தைக்காரர் ஒருவர் இருந்தார். ராமசாமி என்ற பெயரை அவர்கள் ராமோ சாமி என்று எழுதினார்கள். வாள் விழுங்குவார், பாசிமணிகளையும் குதிரை மயிரையும் வாயில் போட்டு, நாக்காலேயே கோத்துச் சரமாக வெளியே எடுப்பார். 1819-ல் அமெரிக்காவுக்கும் வந்து ஆடியிருக்கிறார். 1850-ல் லண்டனில் வறுமையில் இறந்தார். அடக்கம் செய்யக்கூடக் காசில்லாமல் அவர் மனைவி உதவி கேட்க வேண்டியிருந்தது. இவரைப் பற்றித் தமிழில் நாம் இன்னும் நிறையப் பேச வேண்டும். நாங்கள் போன இரவில் ஊசி வித்தை இல்லை. பட்டியலை மாற்றிக்கொண்டே இருப்பார்கள், ஒன்றையே எதிர்பார்த்துப் போக வேண்டாம்.

நாங்கள் பார்த்தவற்றில் இரண்டைச் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, 'நிழல்கள்'. சின்ன மேசையில் ஒரு ஜாடி, அதில் ஒற்றை ரோஜா. முன்னாலிருந்து விளக்கு வெளிச்சம், பின்னால் வெள்ளைத் திரையில் பூவின் நிழல். டெல்லர் கத்தியோடு வருகிறார், பூவின் பக்கமே போகவில்லை. திரையில் இருக்கும் இலை நிழலின் காம்பைக் கத்தியால் அறுக்கிறார். இங்கே ஜாடியில் இருக்கும் நிஜ இலை உதிர்கிறது. அடுத்த இலை, அப்புறம் இதழ்கள் ஒவ்வொன்றாக. அரங்கில் இருமல் சத்தம்கூட இல்லை. கடைசியில் தன் கட்டைவிரலைக் கத்தியால் குத்திக்கொண்டு, கையைத் திரைக்கு முன்னால் நீட்டுகிறார். திரையில் கை நிழலின் கீழே ரத்தம் இறங்குகிறது. எழுபதுகளிலிருந்து செய்கிறார், 1983-ல் பதிப்புரிமையும் பதிவு செய்திருக்கிறார். ஐரோப்பாவில் ஒருவர் இதேபோல் செய்து கருவிகளோடு விற்கப் பார்த்தபோது வழக்குப் போட்டு 2014-ல் ஜெயித்தார். ஒரு மேஜிக் காட்சியை நாடகம் மாதிரி எழுதிப் பதிவு செய்து நீதிமன்றத்தில் காப்பாற்ற முடிந்தது என்பது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்குப் பெரிய விஷயம்.

பூவையும் நிழலையும் ஒரே பார்வையில் பிடித்தால்தான் இதன் அழகு முழுசாகக் கிடைக்கும். ஓர இருக்கை வேண்டாம் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது, சிவப்புப் பந்து. பென் மேடைக்கு வந்து, அடுத்த வித்தை ஒரு நூலை வைத்துத்தான் செய்யப்படுகிறது என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். அவ்வளவுதான் அறிமுகம். நான் அப்பா காதில் சொன்னேன்: "நூலை வச்சுதான் செய்றாங்களாம்ப்பா." அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

டெல்லர் ஒரு பந்தோடு வந்தார். குழந்தைகள் விளையாடுகிற சாதாரணச் சிவப்புப் பந்து. கீழே வைத்துவிட்டு நடந்தார். பந்து பின்னால் உருண்டு வந்தது. அவர் நின்றால் அதுவும் நின்றது. ஒரு வளையத்தைக் காட்டி வா என்று சைகை செய்தார். யோசிக்கிற மாதிரி தயங்கியது, பிறகு வளையத்துக்குள் தாவியது. நூல், நூல் என்று முதல் ஒரு நிமிடம் நானும் கண்ணை இடுக்கிக்கொண்டு தேடினேன். வளையத்துக்குள் போகிறதே, அப்படியானால் நூல் எங்கே என்று கணக்குப் போட்டேன். அதற்குள் பந்து அடம்பிடிக்க ஆரம்பித்துவிட்டது, எனக்குக் கணக்கு மறந்துபோனது. ஊர் வீட்டில் நாங்கள் வளர்த்த மணி என்ற நாய், குளிப்பாட்டக் கூப்பிட்டால் வாசல்படியில் நின்று இப்படித்தான் பார்க்கும். திரும்பிப் பார்த்தேன். அப்பா கையை மடியில் கோத்தபடி, வாய் லேசாகத் திறந்து, சிரித்துக்கொண்டிருந்தார்.

இந்தப் பந்துக்குப் பின்னால் பெரிய கதை இருக்கிறது. நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரத்தில் டேவிட் அபாட் என்று ஒரு வட்டிக்கடைக்காரர், நூறு வருடங்களுக்கு முன் தன் வீட்டு முன்னறையில் ஒரு பந்தைக் காற்றில் மிதக்கவிட்டுக் காட்டுவார். ஹௌடினி போன்றவர்களே அவர் வீட்டுக்குப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். அவருடைய குறிப்புகளிலிருந்து டெல்லர் தொடங்கினார். அப்புறம் ஒன்றரை வருடம் பயிற்சி, ஷோ முடிந்து எல்லோரும் போன பிறகு காலி மேடையில்கூட. முதலில் பென்னுக்கு இது பிடிக்கவில்லை. நூல் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் அந்த ஒரு வரி கிடைத்த பிறகுதான் ஷோவில் சேர்த்தார்கள்.

எனக்கு இந்த ஷோ மேல் இவ்வளவு பிரியம் வரக் காரணம் அந்த வரிதான். மந்திரம் இல்லை, அமானுஷ்யம் இல்லை, உழைப்பு என்று சொல்லிவிட்டு, அந்த உழைப்பையே கண்முன் வைக்கிறார்கள். பேய் ஓட்டுகிறேன், செத்தவர்களோடு பேசுகிறேன் என்று இதே கைவேகத்தை வைத்து ஏமாற்றுகிறவர்களை இவர்கள் இருவரும் டிவியில் வருடக்கணக்காகச் சாடியிருக்கிறார்கள். மேடையிலும் அந்த நேர்மை இருக்கிறது.

பென் பேசும் பகுதிகளில் அப்பாவுக்குப் பாதிக்கு மேல் போய்ச் சேரவில்லை. நான் காதில் சொல்லச் சொல்ல அடுத்தது வந்துவிடும். கொச்சை வார்த்தைகளும் வரும், சின்னக் குழந்தைகளைக் கூட்டிப்போகிறவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். ஆனால் டெல்லர் வந்துவிட்டால் அப்பா என் கையை விலக்கிவிடுவார். மொழிபெயர்ப்பு தேவையில்லாத ஒரு மணி நேரம் அவருக்கு அமெரிக்காவில் அன்றுதான் கிடைத்தது.

அன்று ஷோ முடிந்ததும் இருவரும் வெளியே கூடத்தில் நின்றார்கள். பெரிய வரிசை. டெல்லர் முன்னால் வந்ததும் அப்பா ஆங்கிலத்தில் சொல்லலாம் என்று தயார் செய்துவைத்திருந்த எதையும் சொல்லவில்லை. கை கொடுத்தார். பிறகு இரண்டு கையையும் கூப்பினார். அவரும் கூப்பினார். போட்டோ கொஞ்சம் ஆடிவிட்டது, ஆனாலும் கோவில்பட்டி வீட்டில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறது.

மறுநாள் காலை நான் கண் விழித்தபோது அப்பா ஹோட்டல் அறையின் மேசையில் உட்கார்ந்திருந்தார். என் கைப்பையில் இருந்த தையல் பெட்டியைத் திறந்து வெள்ளை நூலை உருவி, ஒரு முனையைக் காதில் சுற்றியிருந்தார். மேசையில் ஓர் ஆரஞ்சுப் பழம். தலையை மெதுவாகச் சாய்த்தார். பழம் ஒரு விரல்கடை உருண்டு நின்றது.

"பாத்தியா?" என்றார். "நூல்தாம்."